கொம்பு வைத்த நாற்காலி

அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார இடத்துக்குக் குறைவில்லை. இருந்தும் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், இவ்வளவு நேரம் உட்கார்ந்துட்டுத்தான் வந்தேன்" என்பார்கள்.

காரணம் அங்கே போட்டிருந்த சாமான்கள். ஒரு நீளமான சோபா, கைவைத்த நாற்காலிகள் இரண்டு, கால் வைக்க ஒரு குட்டி முக்காலி, தொப்பி மாட்டும் கம்பம் ஒன்று. எல்லாமே கொம்பில் செய்தவை. சோபாவின் முதுகு முழுக்க எருமைக் கொம்புகள் ஒன்றோடொன்று பின்னி, சதை கழன்ற விலாக்கூடு போல வளைந்து நிற்கும். நாற்காலிகளின் கைகள் மாட்டுக் கொம்புகள். அவை முன்பக்கம் நீண்டு, மேல்நோக்கி வளைந்து, நுனியில் ஒரு பித்தளைக் குமிழோடு முடியும். இருக்கைகளில் ஏதோ ஒரு மிருகத்தின் தோலை ரோமத்தோடு இழுத்து அடித்திருந்தார்கள். ரோமம் உதிர்ந்து அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து நனைந்த நாயின் வாடை வரும். தொப்பிக் கம்பத்தில் யாரும் எதையும் மாட்டியதில்லை. அந்த வீட்டில் தொப்பி போடுகிறவர்களே இல்லை.

அதையெல்லாம் வாங்கிப் போட்டவர் அப்பா. துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். வேட்டைக்குப் போகிற பணக்காரர்களின் கிளப் ஒன்று மூடப்பட்டபோது அதன் சாமான்களை ஏலம் விட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் அவர் போனார். இந்த செட்டுக்கு மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏலக்காரர், "இத வீட்டுல வெச்சுக்க ஒரு ஆம்பளைக்குக்கூடத் தைரியம் இல்லையா?" என்று கேட்க, கூட்டம் சிரிக்க, அப்பா கையைத் தூக்கிவிட்டார்.

வண்டியில் வந்து இறங்கியபோது தெருவும் சிரித்தது. அன்றிலிருந்து அது கொம்பு வீடு. அப்பா யாரிடமாவது குரலை உயர்த்தினால், "அவருக்கு மட்டும் தனியா கொம்பு முளைச்சிருக்கா என்ன?" என்று ஒருவர் கேட்பார். "ஒண்ணா ரெண்டா, வீடு முழுக்க முளைச்சிருக்கு" என்று இன்னொருவர் பதில் சொல்வார். சிரிக்கச் சிரிக்க அப்பாவுக்கு வீம்பு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு கொம்பாகத் துடைப்பார். பிள்ளைகள் இரண்டு பேரும் கிட்டே வரக்கூடாது.

பிள்ளைகள் என்றால் ஒரு பையன், ஒரு பெண். பெரியவன், சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவது.

சின்னவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அது நடந்தது. பள்ளி விட்டு வந்த அண்ணனும் தங்கையும் ஒரு கலர் பென்சிலுக்காகச் சண்டை போட்டார்கள். அவள் பிடுங்கிக்கொண்டு ஓட, அவன் துரத்தினான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்தைச் சுற்றி மறுபடியும் சமையலறைக்கு. மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ, கால்மிதி வழுக்கியது. சன்னல் பக்கத்து நாற்காலியின் இடது கையில் பித்தளைக் குமிழ் கழன்று விழுந்து கொஞ்ச நாளாகியிருந்தது. வெறும் கொம்பு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அது அவள் வலது கண்ணில் இறங்கியது.

அவளுக்கு வலி நினைவில்லை. அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்ததும், அந்தக் கை தன் முகத்தை மூடியதும், அதற்குள்ளிருந்த வெங்காய வாசனையும்தான் நினைவு. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அந்தக் கொம்பின் நுனியில் புதுக் குமிழ் ஒன்று மின்னியது. அப்பா பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கி வந்து மாட்டியிருந்தார். மற்றவை பழுப்பேறிய பித்தளை. இது மட்டும் எலுமிச்சை நிறம்.

அம்மா அன்றைக்கு முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "இத எடுத்து வெளிய போடுங்க. ஒடைச்சு அடுப்புல வைங்க. என்னால இத இனிமேப் பாக்க முடியாது."

"நாற்காலி என்னடி பண்ணும்? அது நின்ன எடத்துலதான நின்னுச்சு" என்றார் அப்பா. "இப்பத் தூக்கிப் போட்டா ஊர் என்ன சொல்லும்? அன்னைக்கே சொன்னோம், கேட்டாரான்னு சொல்லும்."

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா அதற்கப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் சொல்லுமே என்ற பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, "படிக்கட்டுல தடுக்கி விழுந்துட்டா" என்றாள். பள்ளியிலும் அதையே சொன்னாள். சின்னவளுக்குச் சடை பின்னிவிடும்போது, "யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்பாள். "படிக்கட்டுல விழுந்துட்டேன்." "ம்." அந்த வீட்டுப் படிக்கட்டு மாடி அறைக்குப் போவது, அகலமானது, கைப்பிடி வைத்தது. அதில் யாரும் ஒருநாளும் விழுந்ததில்லை.

செயற்கைக் கண் வைத்தார்கள். வளர வளர மாற்றினார்கள். நிறம் எப்போதும் ஒரு பொட்டு வெளிறித்தான் அமைந்தது. காலையில் கழற்றிக் கழுவி மாட்டுவது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. வலது பக்கம் வருகிறவர்களைத் தெரியாமல் இடித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்கிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்பார்கள். கோபித்துக்கொண்டதைவிட அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். துணி வாங்குகிற மேசை அவளுடையது. கோட்டை விரித்து, பைகளைத் துழாவி, கறையை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்து, சாயமா எண்ணெயா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, எண் போட்ட துணித் துண்டு தைத்து உள்ளே அனுப்ப வேண்டும். கறையைப் பார்க்க ஒரு கண் போதும். பின்னால் கொதிகலன் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஹோட்டல்களிலிருந்து விரிப்புகளை ஏற்றி வரும் வேன்காரர் ஒருவர், மூட்டையை எப்போதும் அவளுடைய இடது பக்கமாகக் கொண்டுவந்து வைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவராகவே கவனித்தது. அவரிடம்தான் சின்னவள் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னாள்.

அவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைச் சோபாவில் உட்காரவைத்து ஏலக் கதையைச் சொன்னார். ஏலக்காரர் கேட்ட கேள்வி, தான் கையைத் தூக்கிய விதம், எல்லாம். வேன்காரர் சன்னல் பக்கத்தில் தனியாக மின்னுகிற அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "அதுதானா?" என்றார்.

"ம்."

"அதுக்குப் பக்கத்துலயே உக்காந்துதான் சாப்பிடுறியா தினம்?"

அவள் வாசல் கதவை மெல்லச் சாத்தினாள்.

"எனக்கு வேற ஊருல வேல கெடைச்சிருக்கு. உங்க அப்பாகிட்ட நான் பேசுறேன். ஒத்துக்கிட்டாலும் சரி, இல்லேன்னாலும் சரி, இந்த வீட்டுல நீ இருக்க வேணாம். கெளம்பு."

"கொஞ்ச நாள் போகட்டும்."

"எதுக்கு?"

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவருக்குப் புரியுமா என்று தெரியவில்லை. அப்பா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். தப்புப் பண்ணிட்டேம்மா என்று இல்லாவிட்டாலும், அந்தக் குமிழை அப்பவே மாட்டியிருக்கணும் என்றாவது சொல்லுவார். அவராகச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கினால் அது பிச்சை. அவர் வாயால் அதைக் கேட்காமல் வீட்டை விட்டுப் போய்விட்டால், பிறகு யாரிடம் சொல்லுவார்?

வேன்காரர் ஒரு வருடம் பொறுத்தார். பிறகு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது என்று இஸ்திரி போடுகிறவர் ஒருநாள் யாரிடமோ சொல்வது போல அவள் காதில் விழும்படி சொன்னார். அவள் ஒரு சட்டைக் காலரை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கறை எதுவும் இல்லை.

பெரியவன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு தொலைவில் குடியேறினான். அம்மா போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அவள் காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி, கொம்புகளைத் துடைப்பாள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து துடைக்கிற வேலை அவளுக்கு வந்துவிட்டது. முதல் நாள் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டும்போது ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். "நுனியில அழுத்தித் தேய்க்காத, பித்தளை தேஞ்சிரும்" என்றார். ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எண்பத்தைந்து வயதுக்கு மேல் அப்பாவின் கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. மாடி ஏறக்கூடாது, கட்டிலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள் என்றார் டாக்டர். கூடத்தில் கட்டில் போட வேண்டுமென்றால் அந்த செட்டு போக வேண்டும். பெரியவன் போனில், "வித்துரலாம்ப்பா. இப்ப இதுக்கெல்லாம் ஆள் இருக்கு. அசிங்கமா இருந்தாத்தான் வாங்குறாங்க" என்றான். பக்கத்தில் நின்ற சின்னவள் அப்பா வெடிப்பார் என்று நினைத்தாள்.

"சரி, வரச் சொல்லு" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

பழம்பொருள் வியாபாரி ஒரு சனிக்கிழமை வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். பெரியவனும் அன்றைக்கு வந்திருந்தான். வியாபாரி உள்ளே வந்ததும் தயங்காமல் சோபாவில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்த ஆளைப் பார்த்து அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏலம் நடந்த நாள் தூறல் போட்டது, ஏலக்காரருக்கு மூக்கில் மரு இருந்தது, வண்டிக்காரன் சோபாவின் ஒரு காலை வாசலில் இடித்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தது, எல்லாவற்றையும் நேற்று நடந்தது போலச் சொன்னார். ஒரு பெயர், ஒரு சின்ன விவரம்கூட அவருக்குத் தடுமாறவில்லை.

வியாபாரி சாமான்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். சன்னல் பக்கத்து நாற்காலிக்கு வந்ததும் குனிந்தார்.

"இந்தக் குமிழ் மட்டும் பழசு இல்லையே. பின்னால போட்டதா?"

"ஆமா. கழண்டு போயிருந்துச்சு. பட்டறையில குடுத்து நான்தான் கடைஞ்சு வாங்குனேன்."

"எப்பங்க?"

"அது எப்பவோ."

தேநீர்த் தட்டோடு வந்த சின்னவள் நின்றாள். தான் பேசப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"எனக்குக் கண்ணு போனதுக்கு மறுநாள்" என்றாள்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். நீங்க பட்டறைக்குப் போனீங்க."

"உன் கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்தக் கொம்புதானப்பா குத்துச்சு."

அப்பாவின் முகத்தில் அவள் எதையோ தேடினாள். கோபம், வெட்கம், மாட்டிக்கொண்டவரின் பதற்றம், எதுவாக இருந்தாலும் போதும். அவர் முகத்தில் இருந்தது குழப்பம். சுத்தமான, நேர்மையான குழப்பம்.

"நீ படிக்கட்டுல இல்ல விழுந்த?" என்றார்.

 வியாபாரி முக்காலியின் அடிப்பாகத்தில் எதையோ ஆராய ஆரம்பித்தார்.

"படிக்கட்டுலதாம்மா. உன் அம்மாதான் தூக்கிட்டு ஓடி வந்தா. நான் ஷிப்டுல இருந்தேன், ஆள் அனுப்பிச்சா. அந்தப் படிக்கட்டுக்கு அப்புறம்தான கைப்பிடி வெச்சோம்?"

கைப்பிடி வீடு கட்டியபோதே வைத்தது. அவள் அதைச் சொல்லவில்லை. தட்டை சோபாவின் ஓரத்தில் வைத்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஊருக்குச் சொன்னதைச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவருக்குள்ளேயே அது நடந்ததாகிவிட்டது. அவர் மறைத்துவைத்திருக்கிறார், என்றாவது ஒருநாள் எடுத்துக் கொடுப்பார் என்று இவள் காத்திருந்த பொருள் அவரிடம் இல்லவே இல்லை. எத்தனை வருடமாக இல்லை என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வியாபாரி போனதும், பெரியவன் வாசலில் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, நீ இருந்தல்ல."

"எங்க?"

"அன்னைக்கு. நீதான என்னத் தொரத்துன. பென்சிலுக்கு."

அவன் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "நமக்கு அப்ப என்ன வயசு. யாருக்கு ஞாபகம் இருக்கு அதெல்லாம்."

"உனக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசுல பாத்தது மறக்குமா?"

"மறந்துருச்சுன்னு சொல்றேன்ல."

"அப்பாகிட்ட வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. படிக்கட்டு இல்லப்பான்னு. வேற எதுவும் வேணாம் எனக்கு."

"இந்த வயசுல அவருகிட்ட அதச் சொல்லி என்ன பண்ணப் போற? கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், விடு."

"அப்ப உனக்கு ஞாபகம் இருக்கு."

"நான் அப்படிச் சொல்லல." அவன் துணியை உதறி மடித்தான். ஒரு கணம் அவன் ஏதோ சொல்லப்போகிறவன் போலிருந்தான். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மா இல்லை. வேன்காரர் எங்கேயோ. அவரும்கூட இவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டவர், கண்ணால் பார்த்தவர் இல்லை. அன்றைக்குக் கூடத்தில் இருந்தவற்றில் மாறாமல் மிச்சமிருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான். நடந்ததற்குச் சாட்சி அந்த எலுமிச்சை நிறக் குமிழ் ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க எதை எரித்துவிட வேண்டும் என்று நினைத்தாளோ, அது போய்விட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று அவளுக்குப் பயம் வந்தது.

வியாபாரிக்குப் போன் செய்து, அந்த ஒரு நாற்காலி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள். "செட்டா இருந்தாத்தாங்க எடுப்பேன். ஒண்ணு கொறைஞ்சா மத்தது வெறும் கொம்பு" என்றார் அவர். அண்ணனிடம் சொன்னாள். அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "நீதான அத வெறுத்துக்கிட்டே இருந்த?"

லாரி வந்த அன்று அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். ஆட்கள் சோபாவைச் சாய்த்து, சாக்கு சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். கடைசியாகச் சன்னல் பக்கத்து நாற்காலிக்கு வந்தபோது அவள் அதன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சோபா போன இடத்தில் அதற்குள் போட்டுவிட்ட கட்டிலில் இருந்த அப்பா, "குடுத்துரும்மா. எடத்த அடைச்சுக்கிட்டு" என்றார்.

அன்றைக்கும் வந்திருந்த பெரியவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மென்மையாகத்தான் பிரித்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வாரம் திரும்புவதற்குள் அவள் அந்தக் கடையைத் தேடிக்கொண்டு போனாள். காலையிலேயே பக்கத்து வீட்டு அம்மாவிடம் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் சலவை நிலையத்திலிருந்து நேராகக் கிளம்பினாள். நீளமான, குறுகலான கடை. ஓடாத கடிகாரங்கள், ரசம் போன கண்ணாடிகள், கை உடைந்த பொம்மைகள். கொம்பு செட்டு நடுநாயகமாக இருந்தது. தோலைச் சீவி, கொம்புகளை மெருகேற்றி, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

வியாபாரி அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார்.

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு" என்றாள்.

"தாராளமா பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நீங்க சொன்னது... உண்மைதானா?" என்று கேட்டார்.

"உண்மைதான்."

"எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது. யாரும் அப்படிப் பொய் சொல்ல மாட்டாங்க."

அவள் ஒரு கடிகாரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடம்பு இப்படி ஆகும் என்று அவள் அறிந்திருக்கவில்லை. அழுதுவிடுவோமோ என்று நினைத்தாள். அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். அவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். "ஒரு ரிசார்ட்காரர் வந்து பாத்துட்டுப் போயிருக்கார். இன்னும் முடிவு பண்ணல. இந்த மாதிரி சாமானுக்குப் பின்னால ஒரு கதை இருந்தா வாங்குறவங்க விரும்புவாங்க. கதை இருக்கு, நீங்க இருக்கீங்க. உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா, அந்த நாற்காலியில உக்காந்து ஒரே ஒரு போட்டோ."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இவரும் இல்லையென்றால் வேறு யார் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. எங்கேயோ ஒரு ஊரில், அவளைத் தெரியாத மனிதர்கள், காபி குடித்துக்கொண்டே, இந்த நாற்காலிதான் ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணை எடுத்தது என்று பேசிக்கொள்வார்கள். அவ்வளவாவது பேசுவார்கள்.

"பேர் எதுவும் போட மாட்டீங்கல்ல?"

"சத்தியமா இல்ல."

அவள் உட்கார்ந்தாள். அதே வீட்டில் பிறந்து வளர்ந்தும் அந்த நாற்காலியில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. முதுகு பொருந்தியது. கைகள் இரண்டும் கொம்புகளின் மேல் தாமாகப் போய்ப் படிந்தன. வசதியாக இருந்தது. அது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"கொஞ்சம் இடது பக்கமாத் திரும்புங்க" என்றார் வியாபாரி, போனைத் தூக்கிப் பிடித்தபடி. "இன்னும் கொஞ்சம். அந்தக் கண்ணு வெளிச்சத்துல விழணும். ஆங், அப்படியே. சிரிக்க வேணாம்."

அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு சலவை நிலையத்துக்குத் திரும்பி மிச்ச நேரத்தையும் வேலை செய்தாள். ஒருவர் கோட்டு கொண்டுவந்தார். எண் துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினாள். இஸ்திரி போடுகிறவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தூக்கம் இல்லை என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து சன்னல் பக்கம் போட்டு, ஒன்றில் அப்பாவை உட்காரவைத்து, இன்னொன்றில் அவர் கால்களைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தரையில் கொம்புக் கால்கள் அழுத்தியிருந்த இடங்களில் சின்னச் சின்ன வெளிர் வட்டங்கள் தெரிந்தன. சுவர் வரைக்கும் வெளிச்சம் தடையில்லாமல் போயிருந்தது. அப்பா கைகளை விரித்து, பிளாஸ்டிக் கைப்பிடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிவாக இருந்தது.

"எவ்வளவு எடம் கெடைச்சிருச்சு பாத்தியா?" என்றார். "காத்தும் வருது. நடக்கவும் இடிக்கல. அது என்னமோ, எனக்கு அதுல உக்காந்தா ஆரம்பத்துலேர்ந்தே முதுகு வலிதான்."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"இத நாம எப்பவோ பண்ணிருக்கலாம், இல்ல?"

"பண்ணிருக்கலாம்" என்றாள்.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தவர் போலத் தெரியவில்லை. சன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் அவர் கால்களுக்குக் கீழே தலையணை ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, பால் சூடு பண்ண உள்ளே போனாள்.